ஏற்றம் வேனுக்கு, இறக்கம் நமக்கு

இலங்கையின் மலைநாட்டிலிருந்து தென்கடற்கரை வரையில் ஆறேழு நாட்களில் சைக்கிளில் அழைத்துச் செல்வதாக விளம்பரம் செய்யும் கம்பெனிகளின் நிகழ்ச்சி நிரல்களில் எதையேனும் ஒன்றை எடுத்து, படங்களை ஒதுக்கிவிட்டு எழுத்தை மட்டும் நிதானமாக வாசிப்பவருக்கு ஒரு விநோதம் புலப்படாமற் போகாது. கடல்மட்டத்துக்குச் சுமார் 500 மீட்டர் மேலே இருக்கும் கண்டியிலிருந்து, 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குப் பிரயாணிகள் குளிர்சாதன வேனில் ஏற்றிச் செல்லப்படுவார்கள். அங்கிருந்து சைக்கிளில் இறங்குவார்கள். நடுவே எங்கேனும் சாலை மறுபடியும் உயர ஆரம்பித்தால், வேன் விசுவாசமுள்ள வேலைக்காரனைப்போல் பக்கத்தில் வந்து நிற்கும். எல்ல என்னும் சிற்றூரிலிருந்து வெல்லவாய வரையில் 27 கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 850 மீட்டர் சரிந்து இறங்கும் சாலையோ, அந்த யாத்திரையின் பிரதான ஆகர்ஷணமாகத் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். ஒரு மலைக்கு இரண்டு பாதிகள் உண்டென்றால், ஒரு பாதி யந்திரத்துக்கும் மறு பாதி மனிதனுக்கும் பங்கிடப்பட்டிருக்கிறது. பங்கீட்டில் நமக்கு வந்தது நல்ல பாதி என்றே எல்லோரும் எண்ணுகிறார்கள். சென்ற ஆண்டு மாசி மாதத்தில் பணம் கட்டியபோது நானும் அப்படித்தான் எண்ணினேன். இப்பொழுது அந்த அபிப்பிராயம் மாறிவிட்டது. மாறிய காரணத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சைக்கிள் யாத்திரையையே நான் குறை கூறுவதாக எவரும் கொள்ளவேண்டாம். மலைதேசத்தைக் காண அதைவிட உசிதமான வாகனம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மோட்டாரில் போகிறவனுக்குத் தேயிலைத் தொழிற்சாலை என்பது ஜன்னலுக்கு வெளியே வெள்ளையடித்த ஒரு நீண்ட கட்டடம். சைக்கிளில் போகிறவனுக்கோ, கட்டடம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே வாடும் கொழுந்தின் மணம் காற்றில் வந்து சேர்ந்துவிடுகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்குமேல் குளிர்கிறது என்று பாடப்புத்தகத்தில் படித்த விஷயத்தை, வியர்த்த முதுகு தானாகவே அறிந்துகொள்கிறது. இலங்கைத் தமிழர் எழுத்து வழக்கில் இந்த வாகனத்துக்கு இன்றும் 'துவிச்சக்கர வண்டி' என்றுதான் பெயர். நாம் எப்பொழுதோ பழஞ்சொல்லென்று பெட்டியில் போட்டு மூடிய அந்த நாமதேயத்தை ஒரு பழுதுபார்க்கும் கடையின் பலகையில் கண்டபோது எனக்கு உண்டான சந்தோஷம் சொல்லி முடியாது.

எங்கள் கோஷ்டியில் எட்டுப் பேர். வழிகாட்டி மாத்தறைப் பக்கத்துச் சிங்கள இளைஞர். பணிவுள்ளவர், ஆங்கிலம் நன்றாகப் பேசுபவர், பறவைகளின் பெயர்களை அவற்றின் குரலைக் கேட்டே சொல்லக்கூடியவர், சங்கிலி அறுந்தால் மூன்று நிமிஷத்தில் பூட்டிவிடுகிறவர். தமிழ் மட்டும் தெரியாது. கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை வழியாக வேன் ஏறிக்கொண்டிருந்தது. இறம்பொடையில், மேலே அருவியும் கீழே கொத்மலை நீர்த்தேக்கமும் தெரியும் இடத்தில், எல்லோரும் படம் எடுப்பதற்காக இறங்கினோம். அப்பொழுதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. இங்கிருந்து நுவரெலியா வரையில் நான் மிதித்தே வருகிறேன், சைக்கிளை இறக்கித் தாருங்கள் என்று கேட்டேன். அது நிரலில் இல்லை என்றார் அந்த இளைஞர். நிரலில் இல்லாததற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுத் தாமும் ஒரு சைக்கிளை இறக்கிக்கொண்டார். மற்ற ஏழு பேரும் என்னைப் பார்த்த பார்வையில் அனுதாபமே மேலோங்கியிருந்தது.

கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தை, வளைவு வளைவாக மடிந்து மடிந்து போகும் அந்தச் சாலையில் நான் எப்படி ஏறினேன் என்பதை வீரசரித்திரமாக எழுதுவதற்கில்லை. முதல் ஐந்து கிலோமீட்டருக்குள்ளேயே கியர்களில் மிகத் தாழ்ந்ததை எட்டிவிட்டேன்; அதற்குமேல் மாற்ற ஒன்றும் இல்லை. தனியார் பஸ்கள் வளைவுகளில் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு உரசுவதுபோல் கடந்து போயின. மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகம் இருந்திருந்தால் அதிகம். அது கொஞ்சம் விரைந்து நடப்பவனின் வேகம். ஆனால் அந்த வேகத்துக்கு நான் வந்து சேர்ந்த பிறகுதான், அதுவரை பச்சை விரிப்பாக மட்டும் தெரிந்த மலையில் மனிதர்கள் தெரிய ஆரம்பித்தார்கள். தேயிலைச் செடிகளுக்கிடையே தலைகள் அசைந்தன. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் தகரக் கூரைகளின்மேல் காற்று தூக்காதபடி கற்கள் அடுக்கியிருந்தன. சாலையோரப் பீலியில் ஒரு சிறுமி குடம் நிரம்பக் காத்திருந்தாள். அவர்களை நான் பார்த்தேன் என்று சொல்வதைவிட, அவர்கள் என்னைப் பார்த்தார்கள் என்று சொல்வதே பொருந்தும். விரைந்து போகிறவன் பிறரைக் காட்சியாக்குகிறான். மூச்சு வாங்கிக்கொண்டு, முகம் சிவந்து, ஆமைபோல் ஊர்ந்து ஏறுகிறவனோ தானே காட்சியாகிவிடுகிறான். லயத்துப் பிள்ளைகள் என்னோடு கூடவே ஓடி வந்து, எவ்விதத் தயக்கமுமின்றிச் சிரித்தார்கள்.

லபுக்கலைக்குச் சற்று முன்னால், கொழுந்து நிறுக்கும் மடுவத்தை நோக்கிப் பெண்கள் சிலர் சாலை வழியே ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், இடுப்பில் படங்கும் முதுகில் சுமையுமாக, என் சைக்கிளுக்கு இணையாக நடந்து வந்தார். சைக்கிளும் நடையும் அங்கே ஒரே வேகந்தான். நாங்கள் நூறு கஜம் ஒன்றும் பேசாமல் ஏறினோம். பிறகு அவர், பின்னால் எங்கோ ஊர்ந்து வந்த எங்கள் வேனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மிகுந்த கரிசனத்தோடு, "ஏன் ஐயா, வேன் பழுதா?" என்று கேட்டார்.

பழுதில்லை அம்மா, நானாகத்தான் ஏறுகிறேன் என்றேன். நான் தமிழில் பதில் சொன்னது அவருக்கு அவ்வளவு ஆச்சரியமாக இருக்கவில்லை. வேன் சரியாக இருக்கும்போதே ஒருவன் இப்படி ஏறுவதுதான் ஆச்சரியமாக இருந்தது. "அப்ப ஏறிக்கிட்டா என்ன? சும்மாதானே வருது" என்றார். அந்தக் கேள்விக்கு நியாயமான விடை என்னிடம் இருக்கவில்லை, இன்றும் இல்லை. எந்த ஊர் என்று விசாரித்தார். மதுரைப் பக்கம் என்றேன். தம் பாட்டனாரின் தகப்பனார் திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்தவர் என்றும், ஊர்ப் பெயரைத் தம் அப்பா சொல்லியிருக்கிறார் என்றும், துறையூரா முசிறியா என்பது மட்டும் ஞாபகத்தில் நிற்கவில்லை என்றும் சொன்னார். அவருடைய அத்தை குடும்பம் மட்டும் 'ஒப்பந்தத்தில்' இந்தியா போய்விட்டதாம், கோத்தகிரியில் இருக்கிறார்களாம், கடிதம் நின்று வெகுகாலம் ஆகிறதாம். அன்றைய கொழுந்து எப்படி என்று கேட்டேன். மழையில்லை, இலை துளிர்க்கவில்லை, கிலோ குறைந்தால் அரைப்பேர்தான் என்றார். 'பேர்' என்பது அங்கே ஒரு நாள் வேலைக்குரிய கணக்கு. குறிப்பிட்ட எடை சேராவிட்டால் அந்த நாள் அரை நாளாகிவிடும். நாட்கூலி ஆயிரம் ரூபாய் ஆக வேண்டும் என்று வருஷக்கணக்கில் போராடி, 2021-ஆம் ஆண்டில் அதைப் பெற்ற ஜனங்களின் நடுவே, ஒரு மனிதனின் 'பேர்' தராசுத் தட்டில் பாதியாகிவிடும் விதத்தை அந்த அம்மாள் எவ்வித வருத்தமும் தொனிக்காமல், மழையைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசிக்கொண்டு நடந்தார். மடுவம் வந்ததும், "மெதுவா போங்க, மேலே இன்னும் குத்தலா இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

'ஒப்பந்தம்' என்று அவர் ஒரே சொல்லில் சொன்னது, 1964-ஆம் ஆண்டு அக்டோபரில் சிறீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கையை. 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று, ஊர்ச் சந்தையில் மூட்டை பிரிப்பதுபோல் அன்று பிரித்தார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரைப் பிரிப்பதற்குப் பின்னும் பத்து வருஷம் பிடித்தது. திரும்பி வந்தவர்களுக்காக நீலகிரியில் அரசாங்கமே தேயிலை பயிரிட ஆரம்பித்தது 1968-இல். ஆகவே, கூடலூரிலும் கோத்தகிரியிலும் விடுமுறைக்குச் சென்று தேநீர் வாங்கி வரும் நம்மவர் பலருக்கு, தாங்கள் பேச்சுக் கொடுத்த கடைக்காரர் இந்த இறம்பொடைச் சாலையில் பிறந்தவராக இருக்கக்கூடும் என்பது தெரியாது.

அதற்கும் முந்திய கதையும் ஏற்றத்தின் கதைதான். 1820-களில் கம்பளை வட்டாரத்தில் காப்பித் தோட்டங்கள் தொடங்கிய நாள்முதல், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி ஜில்லாக்களின் பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்கள் கங்காணிமாரின் பின்னே தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காடு வழியாக மாத்தளை வரையில் நடந்தே வந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். 1869-இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தது. லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867-இல் 19 ஏக்கரில் பயிரிட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியதேயன்றி, முதுகில் சுமையோடு மலை ஏறுகிறவர் மாறவில்லை. இருநூறு வருஷம் நிறைவானதை முன்னிட்டு 2023-ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரையில் அவர்களுடைய சந்ததியார் மறுபடியும் நடந்து வந்தார்கள். அந்தப் பாதையில் ஒரு நாளேனும் சைக்கிளில் அழைத்துச் செல்லும் நிரல் எதையும் நான் கண்டதில்லை.

இன்னொரு மனிதரையும் இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து சென்று இலங்கையில் பத்திரிகை நடத்திய கோ. நடேசய்யர், தோட்டங்களுக்குள் அந்நியர் நுழைவதே அரிதாயிருந்த அக்காலத்தில், தொழிலாளரின் நிலைமையை நேரில் அறிவதற்காகத் துணி வியாபாரியின் வேஷத்தில் உள்ளே போய் வந்தார். இன்று அந்தத் தோட்டங்களின் வாயில்கள் நமக்குத் திறந்திருக்கின்றன. தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டி, கோப்பையில் தேநீரும் தருகிறார்கள். ஆனால் உள்ளே போகிற நாம் துணி மூட்டையைச் சுமந்து செல்லவில்லை; ஆகையால் எவரும் நம்மிடம் நின்று பேசுவதற்குக் காரணம் இருப்பதில்லை. ஏற்றத்தில் மிதிக்கிற சைக்கிள் ஒருவகையில் அந்தத் துணி மூட்டை என்பேன். அந்த அம்மாள் என்னிடம் முதலில் பேசினாரே தவிர, நான் அவரிடம் முதலில் பேசவில்லை.

இதற்கு ஆட்சேபங்கள் சொல்வார்கள் என்பது தெரியும். விடுமுறைக்கு வருகிறவன் தவம் செய்ய வரவில்லை என்பார்கள். உண்மை, ஆனால் இறக்கத்திலேயே விடுமுறை முழுவதையும் கழிக்க விரும்புகிறவனுக்குச் சைக்கிள் எதற்கு? வயதானவர்களால் இயலாது என்பார்கள். என் வயது 58. அன்றியும், மிதிக்கும் காலுக்கு மின்கலத்தின் துணை சேர்க்கும் சைக்கிள்கள் இப்பொழுது இந்தக் கம்பெனிகளிடமே வாடகைக்கு இருக்கின்றன. அவற்றை இறக்கத்துக்காகவா வாங்கி வைத்திருக்கிறார்கள்? பஸ் போக்குவரத்துள்ள சாலையில் அபாயம் என்பது மட்டும் அலட்சியம் செய்யத்தகாத ஆட்சேபம். நுவரெலியா வீதியில் எனக்கே இரண்டு முறை நெஞ்சு பதைத்தது. அதற்குப் பரிகாரம், பஸ் ஓடாத தோட்டப் பாதைகளைத் தேர்வதே. மலைநாட்டில் அப்படிப்பட்ட பாதைகளுக்குக் குறைவில்லை. அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னைத் தோட்டத்தின் வழியாக, 'லிப்டன் ஆசனம்' என்னும் முனைக்குப் போகிற சாலை ஒன்றே போதும்.

வறுமையைக் காட்சிப்பொருளாக்கச் சொல்கிறாயா என்றும் ஒருவர் கேட்டார். லயத்து அறைக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுக்கும் யாத்திரையை நான் அருவருக்கிறேன். ஆனால் இப்பொழுது நடப்பதுதான் என்ன? வேன்கள் நிற்பதற்கென்றே வாய்த்த சாலையோர இடங்களில், கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு காசுக்குப் படமெடுக்க நிற்கும் பெண்களைத்தான் நாம் பார்த்துவிட்டு வருகிறோம். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அரைப்பேருக்கு அஞ்சுகிற வாழ்க்கையில் அதுவும் ஒரு வருமானம். குறை, பிரயாணிக்கு அதைத் தவிர வேறு மனிதரைக் காட்டாத நிரலில்தான் இருக்கிறது.

இறக்கத்தில் என்ன தெரியும்? எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கிய காலைப்பொழுது மிக இன்பமானது. அதை மறைப்பது நன்றிகெட்ட காரியம். காற்று காதில் அலறியது. இராவணன் அருவி ஒரு வெண்கோடாகத் தோன்றி மறைந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் வெயில் ஒரு பிடி கூடிற்று. பிரேக்கின் தகடுகள் சூடேறி மணத்தன. ஒரு மணி நேரத்துக்குள் இளவேனிலிலிருந்து கோடைக்கு வந்துவிட்டோம். கீழே வந்து இளைப்பாறியபோது, வழியில் எத்தனை மனித முகங்களைக் கண்டேன் என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறவனுடைய கண், தனக்கு முன்னே இருக்கும் இருபது அடித் தாருக்கு அடிமையாகிவிடுகிறது; அப்படி ஆகாதவன் பள்ளத்தாக்கில் கிடப்பான்.

சமவெளியைப் பற்றி விஸ்தரிக்க அதிகமில்லை. வெல்லவாயவுக்கு அப்பால் புதுருவகல என்னுமிடத்தில் பாறையில் குடைந்த 51 அடிப் புத்தர் பிரதிமையின் முன் சற்று நேரம் நின்றோம். திஸ்ஸமஹாராமையில் மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிரைக் கித்துள் பாணி ஊற்றித் தின்றோம். அந்த ஒரு பதார்த்தத்துக்காகவே கடல்தாண்டிப் போகலாம். அருகிலிருந்த கதிர்காமத்துக்குச் சைக்கிளிலேயே போய் வந்தேன். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரை வழியாக வாரக்கணக்கில் நடந்து வருகிறவர்கள் தொழும் இடத்தில், ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. பிறகு அம்பாந்தோட்டை உப்பளங்கள், தங்காலை, கடற்காற்று, செவ்விளநீர். கொக்கலையில் கடலுக்குள் நட்ட கம்புகளின்மேல் அமர்ந்து தூண்டில் போடுகிறவர்களைக் காட்டினார்கள். அவர்களும் பெரும்பாலும் படத்துக்கே அமர்ந்திருந்தார்கள்.

தேவேந்திரமுனையில் மட்டும் மனம் தயங்கி நின்றது. இலங்கையின் தென்கோடியான அவ்விடத்தில் கலங்கரை விளக்கைப் படமெடுத்துக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்து நாட்டிய, 1409-ஆம் ஆண்டுத் தேதியிட்ட கல்லில், சீன மொழியில் புத்தருக்கும் பாரசீகத்தில் அல்லாவுக்கும் தமிழில் தேனாவரை நாயனாருக்கும் காணிக்கைகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த நாயனாருடைய ஆலயம் நின்ற ஊர் இதுதான். ஆலயத்தைப் போர்த்துக்கீசியர் 1588-இல் இடித்தார்கள். கல்லோ 1911-இல் காலி நகரத்தில், ஒரு வாய்க்காலின் மூடுபலகையாகக் கிடந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டு, இப்பொழுது கொழும்புக் காட்சிச்சாலையில் இருக்கிறது. இதை நான் சொன்னபோது எங்கள் வழிகாட்டி உண்மையிலேயே வியந்து, தம் ஊருக்கு இவ்வளவு சமீபத்தில் இருந்தும் கேள்விப்பட்டதில்லை என்றார். அவர்மீது குற்றமில்லை, அவருக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் பறவைகளோடு நிறுத்திக்கொண்டார்கள்.

நான் கோருவது பெரிதொன்றும் இல்லை. ஆறு நாளில் ஒரு நாளாவது, விரும்புகிறவர்களுக்கு ஏற்றத்தை நிரலில் எழுதுங்கள். வேன் முன்னே போய் உச்சியில் தேத்தண்ணி போட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கட்டும். மலைநாட்டுப் பகுதிக்கு, அங்கேயே பிறந்து வளர்ந்து, தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் பேசுகிற தோட்டத்துப் பிள்ளைகளில் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்துங்கள். படித்துவிட்டு வேலை தேடிக் கொழும்புக் கடைகளுக்குப் போகிற அந்தப் பிள்ளைகள், மலையை நமக்குச் சொல்லுவதற்கு உரியவர்கள். நமது நாட்டிலிருந்து போகிற பிரயாணிகளும் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இந்த இரண்டையும் கேட்டுவிட்டுக் கட்டினால், கம்பெனிகள் கேளாமலிருக்க மாட்டா. வியாபாரிக்கு வாடிக்கைக்காரனின் குரல்தான் வேதம்.

காலிக் கோட்டையின் மதில்மேல், கடைசி நாள் மாலையில், எங்கள் அபிப்பிராயத்தைக் கேட்டு ஒரு படிவம் கொடுத்தார்கள். அறை, ஆகாரம், சைக்கிள், வழிகாட்டி என்று நான்கு கட்டங்கள். எல்லாவற்றுக்கும் நான் முழு மதிப்பெண் கொடுத்தேன். கீழே மிச்சமிருந்த வெற்றிடத்தில் ஏற்றத்தைப் பற்றி எழுதினேன். வழிகாட்டி அதைப் படித்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கு லபுக்கலைக்கு அருகில் அந்த அம்மாள் அவ்வளவு நேரம் என்னதான் கேட்டார் என்று வினவினார். வேன் பழுதாகிவிட்டதா என்று கேட்டார் என்றேன். வெகுநேரம் சிரித்தார். சிரிப்பு அடங்கியபின், அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டு, "வேன் பழுதா, வேன் பழுதா" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். இரண்டாவது தடவை உச்சரிப்பு ஏறக்குறையச் சரியாகவே வந்தது.